மூன்று தட்டு, எத்தனை காலடி? – வாசகர் கேள்வி பதில்

கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு பழைய அரிசி மில்லின் முன்கூடத்தில் நாங்கள் ஏழெட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடி ஐரோப்பாவின் பழைய கால வால்ட்ஸ் நடனத்தை 1816, 1847 என்று வருடவாரியாகப் பழகுகிறோம் என்று போன இதழில் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். சமையல் குறிப்புக்கும் தென்னை வாடல் நோய்க்கும் வருகிற கடிதங்களை விட இதற்கு வந்தவை அதிகம். பாதி கிண்டல், கால்வாசி கோபம், மீதி நிஜமான கேள்விகள். மீதிக்குத்தான் இங்கே பதில். கோபத்திலும் ஒன்றைச் சேர்த்திருக்கிறேன், நன்றாகக் கோபப்பட்டிருந்தார்.

அக்கா, வால்ட்ஸ் என்றால் வால்ட்ஸ்தானே? ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிச் சுற்றுவது. அதில் 1816, 1847 என்று வருடம் போட்டு எதற்குக் குழப்புகிறீர்கள்?
– கல்லூரி மாணவர், வண்ணாமடை

தம்பி, உங்கள் அம்மாயி மாரியம்மன் கோயில் வாசலில் அடித்த கும்மியும், இப்போது ஒரே நிறச் சேலை கட்டி, மைக் செட் வைத்து, மைதானம் நிறைய நின்று அடிக்கிற கும்மியும் ஒன்றா? பெயர் ஒன்று, கைதட்டு ஒன்று. கால் வேறு, வேகம் வேறு, நிற்கிற தரை வேறு. வால்ட்ஸுக்கு வயது இருநூறைத் தாண்டி வெகுநாளாகிறது, அத்தனை காலமும் ஒரே மாதிரி ஆடியிருந்தால்தான் அதிசயம்.

ஆரம்பம் தெற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும். அங்கே கிராமங்களில் லேண்ட்லர் என்று ஒரு ஆட்டம், மூன்று தட்டுதான், ஆனால் வெட்டவெளியில் கனமான பூட்ஸ் போட்டு மிதித்தும் குதித்தும் ஆடுவது. நம் நெற்களத்தில் காலைத் தேய்த்து வழுக்கி ஆட முடியுமா, தூக்கித்தானே வைக்க வேண்டும்? இதே சுழல் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வியன்னா மண்டபங்களின் மெருகேற்றிய மரத்தரைக்கு வந்தபோது பூட்ஸ் போய் மெல்லிய காலணி வந்தது, பாதம் எழும்பாமல் வழுக்கத் தொடங்கியது. உருளுவது, சுழலுவது என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லிலிருந்துதான் பெயரும் வந்தது.

1816-ல் லண்டனில் தாமஸ் வில்சன் என்ற நடன ஆசிரியர் வால்ட்ஸுக்கென்றே ஒரு கையேடு போட்டார். முகப்புப் படத்தில் ஒன்பது ஜோடிகள், ஒவ்வொருவரும் கையை ஒரு விதமாகப் பிடித்திருப்பார்கள், ஒரு ஜோடி தலைக்கு மேலே வளைத்து, ஒரு ஜோடி இடுப்பில் வைத்து. அவர் சொல்கிற பிரெஞ்சு வால்ட்ஸ் மெதுவாகத் தொடங்கி, பிறகு துள்ளலாகி, பிறகு இன்னும் வேகமான துள்ளலில் முடியும். அதை இன்றைய பால்ரூம் என்கிற ஜோடி நடனப் போட்டிக்காரர்களிடம் காட்டினால் இது பாலே என்கிற மேடை நடனம் ஆயிற்றே என்பார்கள்.

முப்பது வருடம் தாண்டிப் பாரிஸுக்குப் போனால் எல்லாம் மாறிவிட்டது. அலங்காரக் கைகள் போய், ஒரே பிடி, ஒரே திசை, சுற்று சுற்று என்று சுற்றல். செலாரியூஸ் என்ற ஆசிரியர் 1847-ல் எழுதிய புத்தகத்தில் மூன்று தட்டு வால்ட்ஸ், இரண்டு தட்டு வால்ட்ஸ் இரண்டும் வருகின்றன. இந்த 'இரண்டு தட்டு' ஆளைக் குழப்பும், நானும் ஆறு மாதம் குழம்பினேன். இசை அப்போதும் மூன்றுதான். காலுக்கு மட்டும் இரண்டு வேலை, ஒரு நீளமான வழுக்கல், ஒரு வெட்டிச் சேர்ப்பு. மூன்று தட்டைத் தகிட என்று சொல்லிப் பார்த்தால், 'த'வில் வழுக்கி, 'கி'யில் அப்படியே போய், 'ட'வில் சேர்ப்பது. குதிரை பாய்ந்து போகிற மாதிரி இருக்கும்.

அப்புறம் அமெரிக்கா. நியூயார்க்கின் ஆலன் டாட்வொர்த் 1885-ல் எழுதியபோது கால் மறுபடி மாறியிருக்கிறது: வை, பக்கத்தில் வை, சேர். இன்று பால்ரூம் வகுப்பில் முதல் நாள் சொல்லித் தருகிற பெட்டிக் காலடிக்கு, அதாவது தரையில் சதுரம் போடுகிற காலடிக்கு, இது தாத்தா முறை. அதற்கப்புறம் வந்த வகைகள் பாஸ்டன், 1910-களின் தயங்கி நின்று போகிற ஹெசிடேஷன், கடைசியாக 1920-களில் இங்கிலாந்தில் உருவான மெதுவான வால்ட்ஸ். இந்தக் கடைசி ஒன்றில்தான் பாதம் நேராக, குதிகால் முதலில் தரையில் பட, உடம்போடு உடம்பு ஒட்டி நடக்கிறார்கள். அதற்கு முந்தைய நூறு வருடமும் பாதம் பரதநாட்டியக்காரர்கள் மாதிரி கொஞ்சம் வெளியே திரும்பியிருக்கும், எடை முன்பாதத்தில் இருக்கும், இருவர் உடம்புக்கும் நடுவே இடைவெளி இருக்கும். இதனால்தான் முதலில் வருடத்தைச் சொல் என்கிறேன். 1847 சுற்றலை 1925 குதிகாலோடு ஆடினால் மூன்றாவது சுற்றில் ஜோடியின் முழங்காலில் இடிப்பீர்கள், இடித்தவள் சொல்கிறேன்.

அம்மிணி, எனக்கு எழுபத்தொண்ணு. ஆடப் போறதில்லை, ஆனா புரிஞ்சுக்கணும். ரெண்டு பேரும் எதிரெதிரா நிக்கறாங்க, ரெண்டு பேரும் முன்னால கால் வெச்சா மோதிக்க மாட்டாங்களா?
– விவசாயி, நாட்டுக்கல்

ஐயா, இத்தனை கடிதத்தில் ஆட்டத்தின் முடிச்சைச் சரியாகப் பிடித்துக் கேட்டது நீங்கள் ஒருவர்தான்.

களத்தில் கதிர் மிதிக்கப் பிணையல் மாடு ஓட்டியிருப்பீர்கள். உள்பக்கத்து மாடு சின்ன வட்டம், நின்ற இடத்திலேயே திரும்புகிற மாதிரி. வெளிப்பக்கத்து மாடு பெரிய வட்டம், எட்டிப் போட்டு நடக்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டு வால்ட்ஸும் இதேதான், ஒரு வித்தியாசம்: மூன்று தட்டுக்கு ஒரு தடவை உள்மாடும் வெளிமாடும் இடம் மாற்றிக்கொள்ளும். ஒரு முழுச் சுற்றுக்கு ஆறு தட்டு, அதாவது இரண்டு தகிட. முதல் தகிடவில் ஆண் இடது காலை எடுத்து ஜோடிக்கு முன்னால் வளைத்துச் சுற்றிப் போய்ப் போகிற திசைக்கு முதுகு காட்டி நிற்கிறார். அவர் வெளிமாடு. அதே நேரம் பெண் வலது காலை நேராக முன்னால், அவருடைய இரண்டு பாதங்களுக்கும் நடுவே வைக்கிறாள், அதிகம் திரும்பாமல் சின்னச் சின்னதாக இரண்டு காலடி. அரைச் சுற்று முடிந்தது. இரண்டாவது தகிடவில் ஆண் வலது காலை நேரே அவள் பாதங்களுக்கு நடுவே வைப்பார், பெண் சுற்றிப் போவாள். ஒருவர் வழி விடும்போதுதான் மற்றவர் முன்னால் வருகிறார், அதனால் மோதல் இல்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வெளிமாடாக ஆசைப்பட்டால் மோதல் நிச்சயம், புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் முதல் மாதம் அதைத்தான் செய்கிறார்கள்.

இன்னொன்று. ஜோடி தனக்குள் சுற்றுவது கடிகார முள் போகிற திசையில். கூடத்தைச் சுற்றி வருவதோ அதற்கு எதிர்த் திசையில். கூடத்தில் எத்தனை ஜோடி இருந்தாலும் எல்லாரும் அதே பக்கம்தான் போக வேண்டும், நடுவில் ஒருவர் வேறு பக்கம் திரும்பினால் வாளையார் செக்போஸ்ட் நெரிசல்தான்.

எந்த வேகத்தில் பழக வேண்டும்? வீட்டில் இருக்கிற பாட்டையே போட்டுப் பழகலாமா?
– வாசகி, வேலந்தாவளம்

பழகலாம். நம் சினிமாப் பாட்டில் திஸ்ர நடைக்கு, அதாவது மூன்று மூன்றாகப் போகிற தாளத்துக்கு, பஞ்சமே இல்லை. ஆனால் தபலாக்காரர் நடுநடுவே உருட்டி எடுப்பார், அப்போது கால் அதன் பின்னால் ஓடும். முதல் தட்டில் அழுத்தம், மற்ற இரண்டிலும் லேசு என்று நேராகப் போகிற பாட்டாக எடுங்கள். போனில் சீராகத் தட்டிக் காட்டுகிற மெட்ரோனோம் செயலி இலவசம், அதில் நிமிடத்துக்கு 100 தட்டு வைத்துத் தொடங்கி, கால் தானாக வந்ததும் 120, பிறகு 150. இன்றைய போட்டிகளில் மெதுவான வால்ட்ஸ் நிமிடத்துக்கு 90 தட்டுக்குப் பக்கம், வியன்னா வால்ட்ஸ் ஏறக்குறைய அதற்கு இரட்டிப்பு, 180-ஐத் தொடும். வியன்னா இசையமைப்பாளர் ஸ்ட்ராஸின் 1867 டான்யூப் வால்ட்ஸை எடுத்தவுடன் போட்டுவிட்டு முடியவில்லை என்று அழாதீர்கள், அதன் முன்னுரையே ஆடுவதற்கில்லை, அதற்கு மேல் வேகமும் ஏறி இறங்கும். வியன்னா வாத்தியக்காரர்கள் இரண்டாவது தட்டைக் கொஞ்சம் முந்தி வாசிப்பதும் ஒரு வழக்கம். கேட்க அழகு, எண்ணிக்கொண்டு ஆடுகிறவருக்குக் கஷ்டம்.

இடுப்பில் கை வைத்து அந்நிய ஆணும் பெண்ணும் சுற்றுவதை ஒரு குடும்பப் பத்திரிகையில் எழுதலாமா? உங்கள் வீட்டில் கேட்க ஆள் இல்லையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மீனாட்சிபுரம்

சார், வணக்கம். வீட்டில் கேட்க ஆள் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை என்னோடு ஆடுகிறவரும் அவர்தான்.

உங்கள் கோபத்துக்கு நல்ல பரம்பரை இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தை எடுத்தேன். 1816 ஜூலையில் இங்கிலாந்தின் இளவரசர் கொடுத்த விருந்தில் வால்ட்ஸ் ஆடப்பட்டபோது லண்டன் டைம்ஸ் பத்திரிகை கிட்டத்தட்ட உங்கள் வார்த்தைகளிலேயே எழுதியது. அந்நிய நாட்டு ஆபாசம், இதையெல்லாம் கண்ட கண்ட பெண்கள் ஆடிக்கொண்டிருந்த வரைக்கும் பொறுத்தோம், இப்போது கௌரவமான குடும்பங்களுக்குள் வருகிறது, பெற்றோர்களே பெண்களைக் காப்பாற்றுங்கள் என்கிற தொனி. கவிஞர் பைரன், காதல் விவகாரங்களுக்காக ஊரே அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், 1813-ல் பெயர் போடாமல் வால்ட்ஸைக் கிண்டல் செய்து ஒரு கவிதை வெளியிட்டார். ஒழுக்கத்துக்கு அவர் வாதாடுவதை அன்றைக்கு யார் எப்படி எடுத்துக்கொண்டார்களோ! ஒரு தலைமுறை போயிற்று, விக்டோரியா ராணியே வால்ட்ஸ் ஆடினார்.

அதுவரை அவர்கள் ஆடியது எல்லாரும் வரிசையாக எதிரெதிர் நின்று, கை கோத்து, ஆள் மாற்றி ஆள் மாற்றிப் போகிற கூட்டு நடனங்கள். வால்ட்ஸில் இரண்டு பேர் மட்டும் முகம் பார்த்து மற்றவர்களை மறந்து சுற்றுகிறார்கள், அதுதான் அங்கே பெரியவர்களை உறுத்தியது. சுருக்கமாகச் சொன்னால், கூட்டத்தின் கண்காணிப்பிலிருந்து ஒரு ஜோடி பிரிந்து போனது.

நடைமுறைக்கு வருவோம். எங்கள் ஏழெட்டுப் பேரில் இரண்டு ஜோடி கணவன் மனைவி, ஒரு ஜோடி அக்கா தங்கை, ஒரு பையன் தன் சித்தியோடு வருகிறான். பெண்ணும் பெண்ணும் ஆடுவதில் ஒரு தடையும் இல்லை, யார் வெளிமாடாகத் தொடங்குவது என்று பேசிக்கொண்டால் போதும். 19-ஆம் நூற்றாண்டுப் பிடியில் உடம்பு ஒட்டாது என்று மேலே சொன்னேனே, 1850-களின் கடைசியில் கிரினோலின் என்கிற வளையக் கூட்டுப் பாவாடை வந்தபின் ஒட்ட நினைத்தாலும் கஷ்டம். ஆணின் வலது கை அவள் இடுப்புக்குப் பின்னால் லேசாக, அவள் இடது கை அவர் தோளில். கையுறை போட்டிருக்க வேண்டும். கையுறை இல்லாதவர் அவள் உடையில் வியர்வை படாமலிருக்க அந்தக் கையில் கைக்குட்டை பிடித்துக்கொள்ளச் சொன்ன மரியாதைக் கையேடுகள் உண்டு. சித்திரை மாதத்துப் பாலக்காட்டு வெயிலில் இதை விட உபயோகமான வரலாற்றுத் தகவல் எனக்குக் கிடைக்கவில்லை, நாங்கள் எல்லாரும் கைக்குட்டையோடுதான் ஆடுகிறோம்.

எனக்கு ஐம்பத்தாறு, இவருக்கு அறுபது. மூன்றாவது சுற்றில் தலை சுற்றி அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். விட்டுவிடலாமா?
– வாசகி, போத்தனூர்

விட வேண்டாம், ஆனால் சுவரைத் தாண்டி ஒரு கேள்வி: அவர் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறாரா? கழுத்துத் தேய்மானம் உண்டா? படுக்கையில் புரளும்போதே தலை சுற்றுமா? மூன்றில் ஒன்றுக்கு 'ஆம்' என்றால் முதலில் டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள். இல்லையென்றால் இது எல்லாருக்கும் வருகிறதுதான்.

காதுக்குள்ளே அரைவட்டக் குழாய்கள் மூன்று இருக்கின்றன, அவற்றில் நீர். தலை சுற்றும்போது அந்த நீர் கொஞ்சம் பின்தங்கிப் பிறகு கூடவே சுற்றத் தொடங்கும். நாம் சட்டென்று நின்றதும் நீர் நிற்பதில்லை, வாளியைச் சுழற்றி நிறுத்தினால் உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிற மாதிரி. காது 'சுற்றுகிறோம்' என்கிறது, கண் 'இல்லை' என்கிறது, இரண்டுக்கும் நடுவே வயிறு புரட்டுகிறது. பாலேக்காரர்கள் தலையை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு வெடுக்கென்று திருப்புவார்கள், கதக்கிலும் அது உண்டு. ஜோடியாகப் பிடித்துக்கொண்டு தொடர்ந்து சுற்றுகிற வால்ட்ஸில் அந்த வித்தை ஒத்துவராது. பதிலாக, உங்களோடு சேர்ந்து சுற்றுகிற ஒரே பொருள் உங்கள் ஜோடிதான், அவர் முகத்தைப் பாருங்கள். முகம் பார்க்கக் கூச்சமாக இருந்தால் காதைப் பாருங்கள். ஓடுகிற சுவரையும் ஜன்னலையும் பார்க்கவே கூடாது, தரையைப் பார்ப்பது எல்லாவற்றையும் விட மோசம்.

ஒரு தடவைக்கு எட்டே சுற்று. பிறகு சுற்றாமல் எட்டுத் தகிட முன்னும் பின்னுமாக நடை, பிறகு மறுபடி எட்டு. தினம் ஐந்து நிமிடம் போதும், மூன்று நான்கு வாரத்தில் உடம்பு பழகிவிடும். எதிர்ப்பக்கம் சுற்றவும் கற்றுக்கொண்டால் தலைக்கு நல்லது. கஷ்டமானதுதான், வியன்னா ஆப்பரா பால் என்கிற பெரிய நடன விழாவில் முதன்முதலாக வருகிற இளம் ஜோடிகளிடம் இந்த இடதுபக்கச் சுற்றைத்தான் எதிர்பார்க்கிறார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஆட வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம், இரண்டு இட்லி சரியான அளவு.

நீங்கள் போத்தனூர் என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. நான் முதன்முதலில் வால்ட்ஸ் கற்றுக்கொண்டதே உங்கள் ஊர் ரயில்வே காலனியில், ஒரு ஆங்கிலோ இந்தியப் பெரியம்மாவிடம். இந்தப் பக்கத்து ரயில்வே ஊர்களில் அவர்கள் குடும்பங்களுக்குச் அப்போது சனிக்கிழமை நடனம் என்பது நமக்கு வெள்ளிக்கிழமைக் கோயில் மாதிரி இருந்தது. அவர் சொல்லித் தந்தது மெதுவான இங்கிலீஷ் வால்ட்ஸ், அவர் அம்மா அவருக்குத் தந்தது. வேகமாகச் சுற்றினால் "ரயிலா ஓட்டறே?" என்று அதட்டுவார். பழைய சுற்றல் வால்ட்ஸைத் தேடிப் போனது பின்னால்தான், ஆனால் மூன்றாவது தட்டில் காத்திருக்கக் கற்றது அங்கே.

சித்தூரில் மிருதங்கம் வாசிக்கிறேன். திஸ்ரத்துக்கு ஒரு நடனம் என்றால், கண்டத்துக்கு, மிஸ்ரத்துக்கு அவர்களிடம் ஒன்றும் கிடையாதா?
– வாசகர், சித்தூர்

கண்டத்துக்கு உண்டு! ஐந்து தட்டு வால்ட்ஸ் என்றே பெயர். 1840-களில் பாரிஸில், பாலே உலகத்தின் பெரிய ஆட்டக்காரர் ழூல் பெரோ அமைத்தது என்று செலாரியூஸ் தன் புத்தகத்தில் சொல்கிறார். நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டீர்கள் இல்லையா, நானும் படித்த அன்று அப்படித்தான் உட்கார்ந்தேன். தக தகிட, தக தகிட என்று அதைச் சுற்ற வேண்டும். 1844-ல் போல்கா என்ற ஜோடி நடனம் பாரிஸையே ஆட்டி வைத்த மாதிரி இது ஆட்டி வைக்கவில்லை. காரணம் உங்களுக்கே தெரியும், ஐந்துக்கு இசை எழுதுகிறவர் அங்கே குறைவு, ஐந்தைக் காலில் வைத்துக்கொள்கிறவர் அதைவிடக் குறைவு.

இங்கே பிறந்தவர்களுக்கு இதில் என்ன கஷ்டம் என்றுதான் எனக்குத் தோன்றியது. எங்கள் கூட்டத்தில் இருக்கிற சித்திக்குச் சின்ன வயதில் பாட்டு கிளாஸ் போன பழக்கம், கண்டசாபு என்று ஐந்து தட்டுத் தாளத்தின் பெயரைச் சொன்னதும் புரிந்துகொண்டு இரண்டே நாளில் காலில் கொண்டுவந்துவிட்டார். கல்லூரியில் மேற்கத்திய நடனம் முறையாகக் கற்ற எங்கள் இளைஞர் மூன்று வாரம் திணறினார், ஐந்தாவது தட்டில் நின்று நின்று ஆறாக்கிக்கொண்டே இருந்தார். பதிவு செய்த இசை தேடி அலுத்துப்போய் இப்போது கையால் தட்டித்தான் பழகுகிறோம். நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிருதங்கத்தோடு வந்தால் புண்ணியமாகப் போகும், பஸ் செலவும் டீயும் எங்களுடையது. மிஸ்ரத்துக்கு, அதாவது ஏழு தட்டுக்கு, நடனம் எழுதிய புத்தகம் என் கையில் படவில்லை, நீங்களே ஒன்று அமைத்துவிடுங்கள்.

ஆன்லைனில் 'விக்டோரியன் வால்ட்ஸ்' வகுப்பு என்று பணம் கட்டினேன். நல்லதா கெட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– ஐடி ஊழியர், கோபாலபுரம்

கட்டிய பிறகு கேட்கிறீர்கள், சரி. நானும் அப்படிக் கட்டினவள்தான். மூன்று மாதம், முழுப் பணம் முன்கூட்டியே, திரையில் ஒரு பெண்மணி பூப்போட்ட நீளக் கவுன் போட்டுக்கொண்டு வந்து 1920-களின் மெதுவான வால்ட்ஸைச் சொல்லித் தந்தார். நன்றாகத்தான் சொல்லித் தந்தார், அது விக்டோரியா காலத்தது இல்லை என்பதுதான் வருத்தம். கவுனுக்கு வயது நூற்றைம்பது, காலுக்கு வயது நூறு. கேட்டதற்கு 'எல்லாம் ஒன்றுதான் மேடம்' என்று பதில், பணம் திரும்ப வரவில்லை.

பாதத்தைப் பாருங்கள். குதிகால் முதலில் பட்டு, உடம்பு அலை மாதிரி ஏறி இறங்கினால் அது 20-ஆம் நூற்றாண்டு. வெளியே திரும்பிய பாதம், சின்னக் காலடி, முன்பாதத்தில் ஓடுகிற மாதிரி இருந்தால் பழையது. அடுத்து, எந்த வருடத்துப் புத்தகத்திலிருந்து எடுத்தீர்கள் என்று கேளுங்கள். உண்மையாகத் தேடிப் படித்தவர் இந்தக் கேள்விக்காகவே காத்திருப்பார், அரை மணி நேரம் பேசுவார், நிறுத்த முடியாது. மற்றவர் பேச்சை மாற்றுவார்.

காசு செலவில்லாத வழியும் இருக்கிறது. அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தன் இணையதளத்தில் 200-க்கு மேற்பட்ட பழைய நடனக் கையேடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துப் போட்டிருக்கிறது, சுமார் 1490-லிருந்து 1920 வரை. டாட்வொர்த்தை அதில் முழுதாகப் படிக்கலாம். ஆனால் அந்தக் காலத்து ஆசிரியர்கள் பாதி விஷயத்தை 'எல்லாருக்கும் தெரிந்ததுதானே' என்று விட்டுவிடுவார்கள், பாட்டி சொல்கிற சமையல் குறிப்பில் உப்பு எவ்வளவு என்று இருக்காதே, அது மாதிரி. ஒரே ஆட்டத்தை இரண்டு மூன்று புத்தகத்தில் படித்து, ஒருவர் விட்டதை இன்னொருவரிடம் பிடித்து, எழுந்து நின்று ஆடிப் பார்த்தால்தான் விளங்கும்.

செருப்பா, வெறுங்காலா? எங்கள் வீட்டில் சிவப்பு ஆக்சைடு தரை.
– வாசகி, முதலமடை

கொடுத்து வைத்தவர். பழைய ஆக்சைடு தரைக்கு இணையான வால்ட்ஸ் தரை நம் பக்கம் கிடையாது, மண்டபங்களின் டைல்ஸ் இணைப்பில் காலை இடறிக்கொண்டு ஆடுகிற எங்களுக்குப் பொறாமையாக இருக்கிறது. ரப்பர் அடிப்பாகம் உள்ள எதுவும் வேண்டாம், பாதம் தரையில் ஒட்டிக்கொண்டு முழங்கால் மட்டும் திரும்பும், வலி பிறகு தெரியும். தோல் அடிப்பாகம் வைத்த கட்டுச்செருப்பு நல்லது. சாக்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு ஆக்சைடு தரையில் ஆடவே வேண்டாம், என் நாத்தனாருக்கு மணிக்கட்டில் ஆறு வாரம் மாவுக்கட்டு. வெறுங்கால் மெதுவான பயிற்சிக்குப் போதும், வேகமாகச் சுற்றினால் முன்பாதத்தில் கொப்புளம் போடும்.

சேலை என்றால் கணுக்காலுக்கு நாலு விரல் மேலே கட்டி, மடிப்பை ஒன்றாகச் சேர்த்து ஊக்குக் குத்துங்கள். ஜோடியின் கால் நடுவே வர வேண்டிய ஆட்டம் இது, மடிப்பு அகலமாக நின்றால் அவர் அதைத்தான் மிதிப்பார். பாவாடை தாவணி எல்லாவற்றையும் விட உத்தமம்.

ஆட ஆள் இல்லை. தனியாகப் பழக முடியுமா?
– வாசகர், பெயர் வேண்டாம்

பாதி முடியும். சாக்பீஸால் தரையில் ஒரு கோடு போட்டு அதன் மேலேயே ஆறு காலடியையும் வைத்து இரண்டு பக்கத்து வேலையையும் கற்றுக்கொள்ளுங்கள், வெளிமாடு, உள்மாடு இரண்டும். மீதிப் பாதி எதிரே இன்னொருவருடைய எடை இருந்தால்தான் வரும். நாற்காலியைப் பிடித்துப் பழகலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், நாற்காலி திரும்பி இழுக்காது.

நேரில் வந்து பார்க்கலாமா? ஆடச் சொல்ல மாட்டீர்களே?
– இரண்டு தோழிகள், கஞ்சிக்கோடு

வாருங்கள். ஞாயிறு நாலரை மணி, முகவரி பத்திரிகை அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். ஆடி மாதம் மட்டும் வேண்டாம், கணவாய்க் காற்று கூடத்தின் தகரக் கதவை அடிக்கிற அடியில் எந்தத் தட்டும் கேட்காது. ஆடச் சொல்ல மாட்டோம். ஆனால் போன மாதம் இப்படித்தான் பார்க்க மட்டும் வந்த ஒரு தாத்தா, பேத்தியைக் கூட்டிப் போக வந்தவர், பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலில் தட்டிக்கொண்டே இருந்தார், ஐந்தரைக்கு எழுந்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். ரப்பர் செருப்போடு வராதீர்கள்.